மேடைப் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் பள்ளி இலக்கணம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று பத்தாம் வகுப்பில் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் பேசுபவர் நம்மை எந்த இடத்தில் தன் பக்கம் திருப்புகிறார் என்று பிடிக்க அந்தப் பாடமே கைகொடுக்கும்.

நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பு விடைகள். “ஆடுவாயா?” என்றால் “கால் வலிக்கும்” என்பது, இனி நேரப்போவதைச் சொல்லும் உறுவது கூறல், மாட்டேன் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. மேடையிலும் பேட்டியிலும் இதே வடிவம்தான் வருகிறது, உள்ளே இருக்க வேண்டிய விடை மட்டும் இருப்பதில்லை. “எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?” என்று கேட்டால், “குடிநீர்க் குழாய்க்கு நிதி ஒதுக்கியிருக்கிறோம்” என்கிறார் தலைவர். இது, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி விடைபோல நிற்கிறது. “முன்பு இருந்தவர்கள் போட்டார்களா?” என்றால் வினா எதிர் வினாதல். சோதிப்பது எளிது. கேள்வியைத் தாளில் எழுதி, அவர் சொன்னதிலிருந்து மட்டும் அதற்கு ஒரு வரி விடை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் விடை தரப்படவில்லை.

விடை தெரிந்துகொண்டே கேட்கும் அறிவினாவும் அப்படித்தான். “நம் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?” என்றதும் கூட்டம் “வேண்டும்” என்கிறது. அந்த ஒப்புதல் ஆறுவதற்குள் அடுத்த கோரிக்கை வந்துவிடும். கேள்வியைச் செய்தி வாக்கியமாக மாற்றி, நடுவில் ‘ஆகவே’ போடுங்கள்: “பிள்ளைகள் படிக்க வேண்டும், ஆகவே இந்த இடத்தை விற்க வேண்டும்.” இரண்டுக்கும் நடுவே காட்டப்படாத காரணம் இப்போது தெரியும்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. முதலாவது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. சாதனை சொல்லும்போது ‘நாங்கள் செய்தோம்’, சிக்கனம் சொல்லும்போது ‘நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று மாறினால், மாறும் அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். “கட்டணம் உயர்ந்தது” என்றால் தானாக நடந்ததுபோல ஒலிக்கிறது. “உயர்த்தப்பட்டது” என்றால் யாரோ செய்தது. “நிர்வாகம் உயர்த்தியது” என்றால்தான் செய்தவர் தெரிகிறார். இங்கே பலர் தவறுவதும் உண்டு: ‘உயர்த்தப்பட்டது’ போன்ற செயப்பாட்டுவினை வந்தாலே மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. “பாலம் 1914இல் திறக்கப்பட்டது” என்பதில் மறைப்பு எதுவும் இல்லை. செய்தவர் யார் என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில் அவர் காணாமல் போனால்தான் ஐயப்பட வேண்டும். இன்னொன்று, உத்தி தெரிந்துவிட்டது என்பதால் சொன்ன செய்தி பொய் என்று ஆகிவிடாது. தனக்குப் பிடித்த தலைவரின் பேச்சில் முதலில் சோதித்துப் பார்ப்பவரே இதைச் சரியாகக் கற்பார்.

நாளிதழ்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘கூறினார்’ பக்கம் சாயாத சொல். ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று செய்தியாளரே ஏற்றுக்கொண்டதாகிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் மீது குற்றம் ஏறிவிடுகிறது. செய்தியில் இவற்றைப் போடும் முன் ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம்.

விளம்பரங்களில் ‘வரை’, ‘முதல்’ என்ற இரண்டு சொற்களே பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. ‘50% வரை தள்ளுபடி’ என்றால் ஒரு பொருளுக்கு மட்டும் 50% இருக்கலாம். ‘50% + 20%’ என்பது 70% இல்லை. 100 ரூபாய் 50 ஆகி, அதில் 20% கழிந்து 40 ஆகிறது, ஆக 60%தான். கடனில் இப்படிப்பட்ட கணக்கு கூடுதலாக வலிக்கும். ஓராண்டில் திருப்பித் தரும் 1,00,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 10% நிலை வட்டி என்றால் 12 தவணை, மாதம் சுமார் 9,167 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 18%. “நிலை வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தில் சொன்ன அதே மொழியில் இருக்க வேண்டும். சலுகை தமிழில் பெரிதாகவும், நிபந்தனை ஆங்கிலத்தில் கடுகளவாகவும் வந்தால் வாசகர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அந்த நிலை வராமல், நிபந்தனை தமிழில் இல்லாத தமிழ் விளம்பரத்தைத் திருத்தித் தரும்படி உங்கள் விளம்பரப் பிரிவே கேட்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி