மஞ்சள் பீன்ஸ் காய்த்துவிட்டது

உச்சிப்புளி,
மாசி 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ மார்கழியில் வந்தபோது கொண்டுவந்த மஞ்சள் பீன்ஸ் விதை காய்த்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால், எடுத்ததுமே ‘மீட்டிங்ல இருக்கேம்ப்பா’ என்கிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ நேர் மணலில் ஊன்றியதில் ஒன்றும் தேறவில்லை. போர்வெல்லின் உப்புத் தண்ணீர்தான் காரணம். இலை ஓரமெல்லாம் தீயில் வாட்டியது மாதிரி கருகி, செடி நின்ற நிலையிலேயே காய்ந்தது. பீன்ஸ் அளவுக்கு உப்புக்குப் பயப்படுகிற காய்கறி அதிகம் இல்லை. 64 புயலில் தனுஷ்கோடியிலிருந்து வெறுங்கையோடு வந்த தாத்தா சொல்வாரே, உப்பு ஏறின மண்ணை மழைதான் கழுவும் என்று. மிச்ச விதையை நான் சிமெண்ட் சாக்கில் செம்மண்ணும் ஆட்டு எருவும் கலந்து ஊன்றினேன். அந்த 14 செடிதான் நிற்கிறது. அதற்குக் காவிரித் தண்ணீர். குடிக்கப் பிடித்து வைத்ததைச் செடிக்கு ஊற்றுகிறேன் என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது நம் வீட்டில் பரம்பரை வியாதி.

பிஞ்சு வெளுத்து மஞ்சளானதும், செடிக்கு நோய் வந்துவிட்டது, பிடுங்கிப் போடுங்கள் என்றாள் அம்மா. பிறகு அவளேதான் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். மஞ்சள் காய்க்கு மேலே மஞ்சள் தூளும் போட்டாள்! உள்ளே விதை புடைக்கும் முன்னால் பறித்துவிடுகிறேன், ஒடித்தால் சட்டென்று ஒடிகிறது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை பறித்தால்தான் மறுபடி பூக்கிறது. இலையில் ஈரம் இருக்கும்போது தொடாதீர்கள் என்றாயே, தொடுவதில்லை.

பெரியபட்டினம் அத்தை வந்திருந்தாள். கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றாள். எனக்குப் பெருமைதான். போன வாரம் அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினாயாம். எங்களுக்கு மட்டும் இரண்டு நிமிஷம். சரி, அதை விடு. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். அவர் குரலைக் கேட்டு ஏழு மாதம் ஆகிறது.

டொராண்டோவில் உறைபனி நின்று மே கடைசியில்தான் ஊன்ற முடியும் என்றாய். குத்துச் செடிதானே, கொம்பு வேண்டாம், பால்கனியில் ஒரு தொட்டி போதும். பால்கனி இருக்கிறதுதானே? போன மாதம் வீடியோவில் உனக்குப் பின்னால் தெரிந்தது வெள்ளைச் சுவர். உங்கள் வீட்டில் நீலம். நேரத்துக்குச் சாப்பிடு. கதவைத் தாழ் போட்டுப் படு.

பாப்பா, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ராத்திரி துவைகல் பக்கம் வந்து ‘அப்பா, ஒரு நிமிஷம்’ என்றாய். நான் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது. பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபத்துக்குப் பணம் கட்டியாயிற்று, நீ என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்தேதான் போட்டேன். அந்தச் சத்தத்திலும் நீ ஏதோ சொன்னாய். ‘என்னம்மா?’ என்றேன். ‘ஒண்ணுமில்லப்பா’ என்றாய். தொட்டி வழிந்து வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடியது. நீதான் போய் சுவிட்சை அணைத்தாய்.

நான்கு காயைப் பறிக்காமல் விதைக்கு முற்ற விட்டிருக்கிறேன். பங்குனி வெயிலில் பூ கொட்டிவிடும், அப்புறம் இங்கே காய்க்காது. அடுத்து மழை ஓய்ந்து மார்கழியில்தான் ஊன்ற வேண்டும். நீ அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். டிக்கெட் ஒன்று போட்டாலும் போதும்.

இதை எழுதினது அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா