தரைகீழ்த் தளமும் வேர்க்கும் சுவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு, மனை இணைப்புப் பக்கங்களில் அண்மைக்காலமாக 'பேஸ்மென்ட் இன்சுலேஷன்' (வெப்பம் கடத்தாத பொருளால் சுவரை மூடுவது) விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நம் கொத்தனார்களிடம் பேஸ்மென்ட் என்றால், கடைக்காலுக்கு மேலே எழுப்பும் பீடம் என்றே புரிந்துகொள்வார்கள். விளம்பரம் குறிப்பிடுவது தரைக்குக் கீழே தோண்டிக் கட்டும் தளத்தை. சென்னையில் தனி வீடு கட்டுகிறவர்கள் அந்தத் தளத்தை ஹோம் தியேட்டராகவோ உடற்பயிற்சி அறையாகவோ ஆக்கி ஏசி பொருத்துகிறார்கள். அவர்களுக்கு விற்கப்படும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: சுவரில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம், சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிக் கம்பளி, அதன்மேல் ஜிப்சம் போர்டு, கடைசியாக வினைல் வால்பேப்பர். குளிர்நாட்டுச் சுவர்களைப் பார்த்து எடுத்த முறை இது. சென்னையில் இதைச் செய்தால் போர்டின் பின்புறம் பூசணம் பிடிக்கும். காரணத்தையும் மாற்று வழியையும் விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வேர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் தன் ஈரத்தை நீராகக் கக்கத் தொடங்குமோ, அதுவே பனிப்புள்ளி. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிப்புள்ளி சுமார் 26 டிகிரி. சென்னையில் மழைக்காலத்திலும், கடற்காற்று வீசும் கோடை மாலைகளிலும் இது சாதாரணம். ஏசியை 24-இல் வைத்தால் அறையின் சுவர், தரை, சோபா எல்லாமே வெளிக்காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே போய்விடுகின்றன. வெளிக்காற்று எந்த இடுக்கு வழியாக உள்ளே வந்தாலும் அங்கே நீராகும். இத்தனைக்கும் நீர்த்துளி தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்குப் போதும்.

சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. அதாவது மண் குளிராகவும் இல்லை, கொதிக்கவும் இல்லை. 24 டிகிரி அறைக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் 5 டிகிரிதான். மொட்டைமாடித் தளத்தின் மேற்பரப்போ கோடையில் 55 டிகிரிக்கு மேல் போகிறது. ஆகவே மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், அந்தப் பணத்தை முதலில் மாடிக்குச் செலவிடுங்கள். தரைகீழ்த் தளத்தில் இன்சுலேஷனின் முக்கிய வேலை, மண்ணின் ஈரம் அறையின் குளிர்ந்த பரப்பை எட்டி நீராகாமல் பார்த்துக்கொள்வது.

கண்ணாடிக் கம்பளி ஏன் கெடுக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். மண்ணின் ஈரம் ஊறிய கான்கிரீட், 28 டிகிரியில் ஏறக்குறைய முழு ஈரப்பதத்துடன் இருக்கிறது. அந்த நீராவி கம்பளி வழியாகத் தடையின்றிக் கடந்து, 24, 25 டிகிரியில் இருக்கும் ஜிப்சம் போர்டின் பின்புறத்தில் போய் நீராகிறது. போர்டின் மேல் ஒட்டிய காகிதம் பூசணத்துக்கு நல்ல உணவு. முன்புறம் வினைல் ஒட்டியிருப்பதால் ஈரம் அறைப்பக்கம் காயவும் வழியில்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் பாலிதீன் ஷீட்டையும் அறைப்பக்கமாக விரிக்கிறார்கள். குளிர்நாட்டில் நீராவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது, அங்கே அது சரி. நம்மூரில் அது வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

எதையும் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. 45 செ.மீ. சதுரத்தில் தெளிவான பாலிதீன் ஷீட்டை வெட்டி, சுவரில் இரண்டு மூன்று இடங்களிலும் தரையிலும் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம் ஈரமானால் தண்ணீர் சுவர் வழியே வருகிறது. வெளிப்பக்கம் ஈரமானால் அறைக்காற்றே வேர்க்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகையில், நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது செய்ய வேண்டும். பங்குனியில் பார்த்துவிட்டு 'சுவர் காய்ந்துதான் இருக்கிறது' என்று சொல்லும் ஒப்பந்ததாரரை நம்பாதீர்கள். வேலையைச் செய்யத்தான் மாசி, பங்குனி ஏற்ற காலம்.

தண்ணீர் சுவர் வழியே வருகிறதென்றால், முதல் வேலை வீட்டுக்கு வெளியே. வீட்டைச் சுற்றிய முதல் இரண்டு மீட்டருக்குத் தரை வெளிநோக்கிச் சரிய வேண்டும், மீட்டருக்கு 2 செ.மீ. வீதம். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவரோரத்தில் கொட்டக் கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக இருப்பது நல்ல விஷயம். ஆனால் உறிஞ்சுகுழியைத் தரைகீழ்த் தளத்தின் சுவரை ஒட்டியே தோண்டிவிட்டால், மழைநீரை நாமே அந்தச் சுவருக்கு ஊட்டுகிறோம். குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள்.

அடுத்து விரிசல்கள். தரைக் கான்கிரீட்டும் சுவரும் சேரும் மூலைதான் அதிகம் கசியும் இடம். விரிசலின் இரு பக்கமும் மாறி மாறி, 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில், சுவரின் நடுக்கனத்தில் விரிசலைச் சந்திக்கும்படி 45 டிகிரி சாய்வாகத் துளையிட்டு, நாசில் பொருத்தி, பாலியூரித்தேன் திரவத்தை அழுத்தத்துடன் செலுத்த வேண்டும். பிறகு பூச்சைக் கொத்தி எடுத்து, கான்கிரீட் தெரிந்த பின், படிகமாக வளரும் சிமென்ட் பூச்சை இரண்டு கோட் அடித்து, மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். சாதாரண வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இங்கே நிற்காது. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் தருகிறது. சுவருக்கு வெளியே இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் இரண்டு டன். உள்ளே அடித்த பெயிண்டை அது பின்னாலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கி உரித்துவிடும். செங்கல் சுவராக இருந்தால் இந்தப் படிகப் பூச்சும் சரிவராது. அங்கே உள்சுவரை ஒட்டி வடிகால் அமைத்து, நீரைச் சேகரித்து வெளியேற்றுவதுதான் வழி.

புதிதாகக் கட்டுபவர்கள் இந்தப் பாட்டையெல்லாம் தவிர்க்கலாம். சுவரின் வெளிப்பக்கத்திலேயே பிட்டுமன் மெம்ப்ரேன் (தண்ணீர் புகாத தார் விரிப்பு), அதன்மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (அழுத்தமான பாலிஸ்டைரீன் நுரை) பலகை, பிறகு மண். பலகை மெம்ப்ரேனுக்குக் காப்பாகவும் இருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: கறையான் இந்த நுரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறும். கறையான் தடுப்பு மருந்தை முறையாக அடிப்பதோடு, தரைமட்டத்துக்கு மேலே 15 செ.மீ. உயரச் சுவரை எதுவும் ஒட்டாமல் வெறுமையாக விடுங்கள். கறையானின் மண்கோடு ஏறினால் அங்கே தெரிந்துவிடும்.

கட்டி முடித்த வீட்டில் உட்புறம்தான் ஒட்ட முடியும். நுண்துளைகள் மூடிய எக்ஸ்பிஎஸ் பலகையே ஏற்றது. தண்ணீர் உறிஞ்சாது, நீராவியை வெகுவாகத் தடுக்கும். தெர்மோகோல் விலை குறைவுதான், ஆனால் அதன் மணிகளுக்கு நடுவே ஈரம் நுழையும். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் சுவர்ப்பரப்பு 54 சதுர மீட்டர். பலகை 1.25 மீட்டருக்கு 60 செ.மீ. அளவில் கிடைக்கிறது. 72 பலகை, சேதாரத்துக்கு ஐந்தாறு கூடுதல். 50 மி.மீ. கனம் போதும். பலகையின் வழவழப்பான மேல்தோலை இரும்பு பிரஷ்ஷால் சுரண்டினால்தான் பசை பிடிக்கும். பாலிமர் கலந்த சிமென்ட் பசையைப் பல் கரண்டியால் (ஓரத்தில் பல் வெட்டிய கொத்துக்கரண்டி) பலகை முழுவதும் பரப்ப வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் பின்னால் இடைவெளி உண்டாகி, அதற்குள் காற்று சுழன்று வேர்க்கும். பசை சதுர மீட்டருக்கு 4, 5 கிலோ ஆகும். தச்சர் பிளைவுட் ஒட்டும் ரப்பர் கம்மை எடுத்து வந்தால் தடுத்துவிடுங்கள், அதிலுள்ள கரைப்பான் இந்தப் பலகையைத் தின்றுவிடும். இணைப்புகளில் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) அடித்து, மேலே அலுமினிய டேப் ஒட்ட வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சைத் துளைத்து ஆணி அறையக் கூடாது.

பலகையை அப்படியே விட்டுவிடவும் கூடாது. தீப்பற்றினால் அதன் புகை நச்சு. தரையிலும் கூரையிலும் மட்டும் பிடித்த ஜிஐ சட்டத்தில் 12 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு அல்லது கால்சியம் சிலிகேட் போர்டு பொருத்தி மூடுங்கள். போர்டு தரையைத் தொடாமல் ஒன்றரை செ.மீ. மேலே நிற்கட்டும். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துக்கொள்ளும். வால்பேப்பர், பிளைவுட், சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம். தரைக்கு இன்சுலேஷன் அவசியமில்லை என்பதே என் கருத்து. பலகையும் அதன்மேல் கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து 9, 10 செ.மீ. உயரத்தை விழுங்கிவிடும், பலனோ சொற்பம்.

இவ்வளவு செய்த பிறகும் காற்றுதான் மிச்சமுள்ள பெரிய வாசல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி, 80 சதவீதக் காற்றில் கன மீட்டருக்கு சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. 24 டிகிரி, 55 சதவீதக் காற்றில் 12 கிராம். மேலே சொன்ன அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். இடுக்குகள் வழியே மணிக்குப் பாதியளவு காற்று மாறினால், மணிக்கு 360 கிராம், நாளொன்றுக்கு எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வருகிறது. குழாய், கேபிள் நுழையும் துளைகளை அடைத்துவிடுங்கள். கதவுக்கு நாலு பக்கமும் ரப்பர் பட்டை வையுங்கள். 'ஈரவாடை வருகிறது, ஜன்னலைத் திறந்து வை' என்கிற பழக்கம் ஏசி போட்ட தரைகீழ் அறைக்குப் பொருந்தாது. ஏசியை அணைத்த கையோடு கதவைத் திறந்து வைத்தால், இன்னும் குளிர்ந்திருக்கும் டைல்ஸ் நனைந்துவிடும்.

ஏசி வாங்கும்போதும் கவனம் வேண்டும். வெயில் படாத அறைக்கு 2 டன் இயந்திரம் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காது. இந்த அளவு அறைக்கு 1 டன்னே பெரும்பாலும் போதும். கூடவே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்று, ஈரப்பதம் 60-ஐத் தாண்டாதபடி. பெட்டியில் போட்டிருக்கும் 'நாளுக்கு இத்தனை லிட்டர்' என்பது 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. நம் அறையின் நிலையில் அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். ஏசியின் வடிநீர் கீழே போக வழியில்லாததால் அதற்கென்று ஒரு சிறு பம்ப் தேவைப்படும். இதைப் பலர் கடைசி நாளில்தான் நினைக்கிறார்கள்.

தரைகீழ்த் தளம் வெறும் கார் நிறுத்துமிடமாகவும், மேலே ஏசி படுக்கையறையாகவும் இருந்தால் சிக்கல் தலைகீழ். இரவில் காற்று 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 25. மேலறையை 18-இல் வைத்தால் கீழிருந்து தெரியும் கூரைப்பரப்பு அந்த 25-ஐத் தொட்டு வேர்க்கும். 22-இல் வைத்தாலும் பூசணம் பிடிக்கும் அளவுக்கு ஈரம் நிற்கும். கூரையின் அடிப்பக்கத்தில் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஒட்டி, தீக்காப்புப் போர்டால் மூடினால் பரப்பு 27 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஆனால் கார் நிற்கும் இடத்தைக் காற்றுப் புகாமல் அடைக்கவே கூடாது. அங்கே ஜெனரேட்டர் ஓட்டுவதும் கேஸ் சிலிண்டர் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கிவிடும்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நகரில் எத்தனையோ தரைகீழ்த் தளங்கள் முழுகின. தாழ்ந்த மூலையில் 60 செ.மீ. ஆழக் குழியும், மிதவை சுவிட்ச் உள்ள இரண்டு பம்புகளும், நீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் இல்லாமல் இன்சுலேஷனுக்குச் செலவு செய்வது வீண். மின்பலகையும் பம்புக்கான மாற்று மின்சாரமும் மேல்தளத்தில் இருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வானிலைக் கட்டத்தில் வெப்பநிலையோடும் ஈரப்பதத்தோடும் பனிப்புள்ளியையும் தினமும் அச்சிடுங்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8.30, மாலை 5.30 மணிக்குத் தரும் அளவுகளிலிருந்தே அதைக் கணக்கிட்டுவிடலாம். 24-க்கு மேல் இருக்கும் நாளில் தரைகீழ் அறையின் கதவை மூடி வைக்க வேண்டும் என்று வாசகர் காலையிலேயே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
சென்னை