பாம்பன் பழைய தூக்குப் பாலத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியைத்தான் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்ல பாலம்தான். ஆனால் பக்கத்திலேயே 1914இல் திறந்த பாலம் நிற்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

அதன் நடுவில் இருப்பது ஷெர்சர் தூக்கு, கப்பல் வந்தால் திறந்து வழிவிடும் பகுதி. அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் சிகாகோ ஆற்றுப் பாலத்துக்காக யோசித்த முறை. இரண்டு கைகளாகப் பிரியும் இரும்புச் சட்டம், அடிப்பக்கம் வளைவு, பின்னால் கனமான எடை. கிணற்று ஏற்றத்தில் பின்பக்கம் பாரம் கட்டுவதில்லையா, அதே மாதிரி அந்த எடை முன்பாரத்தைச் சமன் செய்துவிடும், அதனால் மோட்டார் இல்லாமல் ஆட்களே கம்பியைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்து அவ்வளவு பெரிய பாலத்தை நிமிர்த்தினார்கள். அங்கே வேலை பார்த்த என் பெரியப்பா கையில் கிரீஸ் வாடை சோப்புப் போட்டாலும் போகாது.

1964 புயலில் தூண்களுக்கு மேல் தண்டவாளத்தைத் தாங்கிய மற்ற இரும்பு உத்தரங்களில், அதாவது கர்டர்களில், பெரும்பாலானவை கடலுக்குள் போயின, இந்தத் தூக்கு நின்றது. அப்புறம் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் கடலுக்குள் கிடந்த கர்டர்களையும் மீட்டுப் பொருத்தி 46 நாளில் ரயிலை ஓடவிட்டார்கள்.

அந்தத் தூக்குப் பகுதியை மட்டுமாவது மண்டபம் கரையில் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகள் கம்பியைத் தள்ளிப் பார்க்க வழி செய்யுங்கள் என்று ரயில்வேயைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
பாம்பன்