ஹாம் ரேடியோ பரீட்சைய டெல்டாவுல நடத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மழை சீசன் வந்தா மணல் மூட்டை, படகு, ஜெனரேட்டர்னு எல்லாம் ரெடி பண்றாங்க, நல்லதுதான், ஆனா செல்போன் டவர் படுத்துட்டா தகவல் எப்படி போகும்ங்கறத பத்தி பேச்சையே காணோம். 2018 நவம்பர் 16 கஜாவுல பாத்தோமே, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்னு எல்லா பக்கமும் தென்னையும் கரண்ட் கம்பமும் சாஞ்சு கெடக்கு, பக்கத்து ஊர்ல கட்டிக்குடுத்த பொண்ணு எப்படி இருக்குன்னு தெரியணும்னா ஆள்தான் நடந்து போய் பாத்துட்டு வரணும்.

ஹாம் ரேடியோன்னா லைசென்ஸ் வாங்கினவங்க சொந்த செட்ட வச்சு நேரா ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கற ரேடியோ, அதுக்கு டவரும் வேணாம் சிம்மும் வேணாம். ஹாம்காரங்க பேசற 40 மீட்டர் பேண்டுங்கற அலைவரிசைக்கு சாதா ஒயர ரெண்டு பக்கமும் பத்து பத்து மீட்டர் இழுத்துக்கட்டி நடுவுல கேபிள் குடுத்தா ஏரியல் ரெடி, மரமெல்லாம் விழுந்துட்டாலும் மாடி கைப்பிடி உயரமே போதும், பகல்ல சென்னை வரைக்கும் பேசலாம். கரண்டுக்கு 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி. 2004 சுனாமி அன்னைக்கு பாரதி பிரசாத் அம்மா போர்ட் பிளேர்ல ஹாம் செட்டோட இருந்தாங்க, அந்தமான்லேர்ந்து சேதி வெளிய வந்ததுல அவங்க பங்கு ரொம்ப பெருசு. அதே நாள்ல நாகப்பட்டினத்துல ஆயிரக்கணக்குல ஜனங்கள பறிகுடுத்தவங்க நாம, இந்த ஏற்பாடு முதல்ல நம்ம ஊர்லதானே இருக்கணும்!

லைசென்ஸ் எடுக்க 12 வயசானா போதும், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுங்கற ஆரம்ப நிலைக்கு மோர்ஸ்ங்கற தந்தி குறியீடு கூட கெடையாது, கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் சட்டதிட்டம் அவ்ளோதான், அதுக்கு மேல உள்ள ஜெனரல் கிரேடுக்குத்தான் நிமிஷத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் வேணும். நம்ம ஐடிஐ, பாலிடெக்னிக் பசங்க அசால்ட்டா பாஸ் பண்ணிடுவாங்க. ஆனா நான் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் புடிச்சு சென்னைக்கு போய்தான் எழுதினேன், தினக்கூலி வீட்டுப் புள்ளைக்கு அந்த செலவே தடை. அதுக்கப்புறம் போலீஸ் விசாரணை. வந்தவரு "எஃப்எம் ஸ்டேஷன் வைக்கப் போறீங்களா தம்பி"ன்னு கேட்டாரு, அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கு இது என்னன்னு யாரும் சொல்லித்தரல. பாஸ் பண்ணி லைசென்ஸ் கைக்கு வர்றதுக்குள்ள ஒரு புயல் சீசனே போயிடுச்சு. 20 வருஷத்துக்கு நான் கட்டினது வெறும் 1000 ரூபாய், ஆக லைசென்ஸ் கட்டணம் பிரச்சனையே இல்ல, அலைச்சலும் காத்துக்கிடக்கறதும்தான்.

செட்டு விலை ஜாஸ்தின்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, ஹைதராபாத் ஃபர்ஹான் சார் டிசைன் பண்ணின பிட்எக்ஸ் செட்டு இருக்கு, சாதாரணமா கெடைக்கிற பார்ட்ஸ வச்சு நாமளே சால்டர் பண்ணி எழுப்பிடலாம்.

இது மத்திய அரசு சமாச்சாரம்ங்கறதால நம்ம டெல்டா எம்பிக்கள்தான் கேக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது தஞ்சாவூர்லயோ திருவாரூர்லயோ ஒரு காலேஜ் ஹால்ல பரீட்சை வையுங்க, விசாரணைய இத்தனை நாளைக்குள்ள முடிக்கணும்னு கெடு போடுங்க, தாலுகா ஆபீசுக்கு ஒரு செட்டும் பேட்டரியும் குடுங்க. பசங்களுக்கு சம்பளம் வாங்காம சொல்லித்தர நான் தயார், என்னை மாதிரி லைசென்ஸ் வச்சிருக்கவங்களும் வருவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி