வரிச் சீட்டாகப் பிறந்த பட்டா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கு முடிக்கும் ஜமாபந்தி நாட்களில் வட்டாட்சியர் அலுவலகங்களில் குவியும் மனுக்களில் பட்டா மனுக்களுக்குக் குறைவிருக்காது. பெயர் தவறு, பரப்பு குறைவு, உட்பிரிவு ஆகவில்லை, பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறிவிட்டது. எல்லாப் பழியையும் கிராம நிர்வாக அலுவலர் மேல் போடுகிறோம். பட்டா என்ற பதிவு எதற்காக உருவானது என்று யாரும் கேட்பதில்லை.

1792-ல் பாராமகால் (இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அங்கே தொடங்கியது ரயத்துவாரி முறை, அதாவது ரயத்து எனப்பட்ட உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறை. மன்றோ ஆளுநரான 1820 முதல் அது சென்னை மாகாணத்தில் ஜமீன் அல்லாத பகுதிகளெங்கும் பரவியது. இந்த ஆண்டு எந்தெந்தப் புலத்தை யார் உழுகிறார், அதற்குத் தீர்வை (நிலவரி) எவ்வளவு என்று கணக்கு முடிப்பதுதான் ஜமாபந்தி. அதன் முடிவில் ரயத்துக்குக் கொடுத்த சீட்டு, பட்டா. கிஸ்தியை (வரித் தவணையை) யாரிடம் வசூலிப்பது என்பதற்கு மட்டும் அது விடை சொன்னது. பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் இன்றும் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, பத்திரம் இருக்கிறதே என்பார்கள். 1908-ல் எழுதப்பட்ட பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிவு செய்கிறது. எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியா என்று சார்பதிவாளர் பார்ப்பார். விற்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா என்று விசாரிக்கும் வேலையை அந்தச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத் தமிழ்நாடு அரசு 55-ஏ என்ற விதியைச் சேர்த்து, முந்தைய மூலப் பத்திரத்தைக் கேட்கச் சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆனால், மூலச் சட்டம் தராத அதிகாரத்தை விதி தர முடியாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில், விற்பனையைக் கட்டாயம் பதிவு செய்வதற்கான மதிப்பு வரம்பு 100 ரூபாய். அது இன்றும் 100 ரூபாய்தான்.

இதே பிரிட்டன் தன் நாட்டில் உரிமையையே பதிவு செய்யும் நிலப் பதிவகத்தை 1862-ல் நிறுவியது. பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை, அதற்கு அரசே பொறுப்பு என்னும் டாரன்ஸ் முறை 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அதை ஆங்கிலேயர் மலாயாவுக்கும் கொண்டுபோனார்கள். பழங்குடிகளின் நிலத்தைப் பறித்த கறை அந்த முறைக்கும் உண்டு. அதைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. நமக்கு வரிப் பட்டியலே போதும் என்று விட்டுப்போனார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊர்க் குடியிருப்புப் பகுதியான நத்தத்தைப் பாருங்கள். குடியிருப்பு நிலத்துக்குத் தீர்வை கிடையாது. அதனால் உள்ளே இருந்த வீடு, கொல்லை, சந்து எதையும் தனித்தனியாக அளக்காமல் முழு நத்தத்தையும் ஒரே சர்வே எண்ணில் அடக்கிவிட்டார்கள். மக்கள் வாழ்ந்த இடம்தான் வரைபடத்தில் வெற்றிடம். வெகுகாலம் கழித்து நத்தம் நிலவரித் திட்டம் வந்துதான் வீடு வீடாக அளந்தார்கள். பழைய பத்திரத்தில் பழைய எண்ணும் நான்கெல்லையும் இருக்கும், பட்டாவில் புதிய எண் இருக்கும். இரண்டையும் இணைத்துக் காட்ட முடியாமல் வங்கிக் கடனும் வாரிசுப் பாகப்பிரிவினையும் நின்றுபோகின்றன.

வரி தராத மற்ற நிலமெல்லாம் புறம்போக்கு, அதாவது கணக்குக்குப் புறம்பே போனது. மேய்ச்சல், மந்தைவெளி, களம், ஓடை, வண்டிப்பாதை என ஊர் முழுவதும் புழங்கிய இடங்கள் இதில் வந்தன. உழாத நிலம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்றானது. தனியாருக்கு உரிமை நிலைநாட்டப்படாத நிலமெல்லாம் அரசின் சொத்து என்று 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் முத்திரை குத்தியது. அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, ஆக்கிரமித்தவருக்குக் கொடுக்கும் பி-மெமோ என்ற அறிவிப்பு உட்பட. ஒரு திட்டத்துக்கு நிலம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இந்த வகைதான். பட்டாதாரர் இல்லையென்றால் இழப்பீடு கேட்கவும் ஆளில்லை. ஆடு மேய்ப்பவரும் சுள்ளி பொறுக்குபவரும் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை.

பிறகு நாமே செய்த குளறுபடி ஒன்று உண்டு. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யுடிஆர் பணியில் பழைய கணக்குகள் புதிய பதிவேடுகளுக்கு மாறின. படியெடுக்கும்போது பெயர்கள் இடம் மாறின, தனிப் பட்டா கூட்டுப் பட்டாவானது, சில சர்வே எண்கள் யாரோ ஒருவர் பெயரில் நின்றுவிட்டன. அளவு இன்னொரு சிக்கல். பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர்–ஏரில் பேசும். 1 ஏர் என்பது 2.47 சென்ட். பழைய புலப்படத்தில் உள்ள எண்கள் 66 அடிச் சங்கிலியின் லிங்குகள். ஒரு லிங்க் சுமார் 20.12 செ.மீ. அதை அடியென்றோ மீட்டரென்றோ படித்து எல்லைக்கல் நடுவதால் வரும் சண்டைகள் கொஞ்சமல்ல.

ஆகவே நிலம் வாங்குபவர்கள் இன்றைய சிட்டாவோடு, அதாவது பட்டாதாரர் பெயரும் பரப்பும் காட்டும் கணக்கோடு, நிற்கக் கூடாது. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், சர்வே எண்வாரியாக நில விவரம் காட்டும் அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றோடு யுடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும், பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் ஒப்பீட்டையும் வாங்கி வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வாரிசுரிமையும் வில்லங்கச் சான்றில் தெரியாது. யுடிஆர் பிழை என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் பழைய நகலோடு மனு செய்யலாம். உரிமையிலேயே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான்.

அரசு செய்ய வேண்டியது பெரிது. கிராமம் கிராமமாகப் பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் ஒரே எண்ணில் இணைத்து, வரைவை ஊரில் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு முடித்து, அந்தப் பதிவுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும். தவறால் நிலம் இழந்தவருக்கு ஈடு கொடுக்க ஒரு நிதியும் வேண்டும். புறம்போக்கு ஒவ்வொன்றையும் யார் எதற்குப் புழங்குகிறார்கள் என்று அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகும். ஆனால் யுடிஆருக்கு முந்தைய பதிவேடுகளையும் புலப்படங்களையும் எல்லாக் கிராமங்களுக்கும் ஸ்கேன் செய்து, யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைக்கும் வேலையை இந்தப் பசலியிலேயே (வருவாய் ஆண்டிலேயே) தொடங்கலாம். ஆவண அறைகளில் அந்தத் தாள்கள் பொடிந்துகொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்