சுக்கான் உன் காலில் இருக்கிறது, மருமகளே

அன்பு மருமகளே,

"சம்பளம் தராத பைலட் லைசென்ஸுக்கு எதுக்கு அத்தை இவ்வளவு செலவு?" என்று கேட்டிருந்தாய். வீட்டில் யாரோ சொன்னது உன் வாயில் வந்திருக்கிறது. முட்டத்திலும் குளச்சலிலும் இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்றுதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பிரைவேட் பைலட் லைசென்ஸை வைத்துக் கூலிக்குப் பறக்க முடியாது, அது உண்மை. நம் நாட்டில் அதற்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும், மெடிக்கலும் பரீட்சைகளும் தேற வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நான் நர்ஸ் வேலை பார்த்த இங்கிலாந்தில் 45 மணி. நைட் டியூட்டிக் காசில் ஒவ்வொரு மணியாகச் சேர்த்தேன். ஒரு மணிக்குக்கூட நான் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் பறக்கிறது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது லைசென்ஸ் வாங்கிய பிறகு, டைகர் மாத் என்ற பழைய விமானத்தில்.

1931-ல் முதன்முதலாகப் பறந்த ரகம் அது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. விரலால் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும். சாவி கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று அவர் கேட்பார், நீ அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினால் அவர் கை போய்விடும். தனியாக ஓட்டுகிறவர் உட்காருவது பின் சீட்டில். தரையில் மூக்கு தூக்கி நிற்பதால் முன்னால் எதுவும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் போக வேண்டும்.

நான் படித்த செஸ்னா விமானத்தில் வேகம் எடுக்கும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும், வாலில் இருக்கிற சுக்கானைத் திருப்ப வலது காலால் மிதியை அழுத்துவோம். டைகர் மாத்தின் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. முதல் நாள் பழக்கத்தில் வலது காலை அழுத்திவிட்டேன். கண் இமைப்பதற்குள் புல்வெளியின் ஓரம் எதிரே வந்து நின்றது. முன் சீட்டில் இருந்த ஆசிரியர் த்ராட்டிலை இழுத்து எஞ்சினை அடக்கினார். பாரம் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் வால் முன்னே வரப் பார்க்கும். சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளிப் பார், ஹேண்டில் தானாகத் திரும்பிக்கொள்ளும். அதே கதைதான். பிரேக்கும் இல்லை. வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிற கை எப்படி ஒரு நொடியும் சும்மா இருக்காதோ, அப்படிக் கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அன்று இறங்கியதும் அந்த ஆசிரியர் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மேலே எறிந்து, அது விழுகிற பக்கத்தைப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. வள்ளம் தள்ளுமுன் உன் பாட்டா ஒரு பிடி மணலை அள்ளிக் கையிலிருந்து ஒழுக விடுவாரே, அதேதான்.

நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் ஒன்று சொல். 1935-ல் டாட்டா கம்பெனியின் ஃபாக்ஸ் மாத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. டைகர் மாத்தின் பாகங்களை வைத்தே கட்டிய விமானம் அது. அன்றைக்கு நம் ஊரும் திருவிதாங்கூர்தான். 1956-ல்தான் நம் கன்னியாகுமரிப் பக்கம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

உனக்கு 17 ஆக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. காசு விஷயத்தை உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதுவரைக்கும் உனக்கு ஒரு வேலை. ஆடி மாதம் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார். ஆரல்வாய்மொழி தாண்டினதும் முப்பந்தலில் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றன என்று பார். விமானத்தை இறக்கும்போது மூக்கு இருக்க வேண்டிய பக்கமும் அதுதான். அப்படியே ரோட்டைப் பார். அதுதான் ரன்வே என்று வைத்துக்கொள். காற்று நேராக வருகிறதா, விலாவில் அடிக்கிறதா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் எப்படி, வெளியே வந்ததும் எப்படி? நோட்டில் குறித்துவை. டிசம்பரில் நான் ஊருக்கு வரும்போது பாட்டாவையும் உட்காரவைத்து மூன்று பேருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அத்தை