பஞ்சில் வந்த சிவப்பு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. உறை மழையில் ஊறியிருந்தாலும் எழுத்து கலையவில்லை. நீ எழுதியிருந்த கல்யாண வாழ்த்தை என் இளைய மகள் சின்னவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை அவளே வாங்கிப் படித்தாள். முகூர்த்தம் தை மாதம், திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில். முகூர்த்த நாளில் அங்கே நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும் என்பது உனக்குத் தெரியாததா? இடம் கிடைத்ததும் தாலி கட்டி, அடுத்தவர்களுக்கு வழி விட்டு இறங்கிவிட வேண்டும். வரவேற்பு முந்தின நாள் மாலை, இங்கே மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு புதுச்சேரி, முத்தியால்பேட்டை.

"நகையெல்லாம் எடுத்தாயிற்றா?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

சின்னவளுக்கு நிக்கல் ஒவ்வாமை, அதாவது அந்த உலோகம் தோலில் பட்டால் ஒத்துக்கொள்ளாது. இதை எழுதும்போதே உன் காது என் கண்முன் நிற்கிறது. கல்லூரி முதலாண்டில், பாடலீஸ்வரர் கோயில் தேரின்போது வாங்கிய கவரிங் ஜிமிக்கியை ஒரே ஒரு நாள் போட்டாய். மறுநாள் காது மடல் தடித்து நீர் வடிந்தது. பிறகு மாதக்கணக்கில் துளையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வகுப்புக்கு வந்தாய். "தங்கம் சேராத உடம்பு" என்றார் உன் பாட்டி. உன் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள், இரவல் வாங்கிப் போட்ட ஆரம் கிடந்த தடத்தில் கழுத்து சிவந்தபோது, அதே பேச்சு பந்தியில் ஓடியதை நான் கேட்டேன். அன்று நானும் அதை நம்பினேன். உன் ராசி அப்படி என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சின்னவள் ஆறு வயதிலிருந்து பரதம் ஆடியவள். நெற்றிச்சுட்டி, மாட்டல், அட்டிகை, ஒட்டியாணம் எல்லாமே கவரிங் செட். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும், நகை இருந்த இடத்தை யாரோ வரைந்து காட்டியதுபோல் வகிட்டோரம் ஒரு கோடும் இடுப்பில் ஒரு பட்டையுமாகச் சிவக்கும். அரிதாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். சூடு என்றோம். கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினோம். கடலூரில் பிறந்த பெண் ஏழெட்டு வருடம் கருவாடு தொடாமல் இருந்தாள். கல்லூரிக்குப் போனதும் காதில் இரண்டாவது துளை போட்டாள். அது ஆறவே இல்லை. பிறகு தொப்புளுக்குக் கீழே, ஜீன்ஸின் பித்தான் படும் இடத்தில் கரப்பான் போல ஒரு தோல் தடிப்பு. நகையே படாத இடத்திலும் வந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

கோரிமேட்டுக்கு, ஜிப்மர் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். முதுகில் சின்னச் சின்ன வட்டத் தட்டுகளை வரிசையாக ஒட்டினார்கள். ஒன்றில் நிக்கல், ஒன்றில் கோபால்ட், ஒன்றில் குரோமியம், மற்றவற்றில் வாசனைப் பொருள்கள், ரப்பரில் சேர்ப்பவை என்று வேறு வேறு. முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். நிக்கல் வைத்த வட்டம் மட்டும் தடித்து, பொடிப்பொடிக் கொப்புளங்களோடு நின்றது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வியர்வையின் உப்பு, உலோகத்திலிருந்து நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது. அது தோலுக்குள் இறங்குகிறது. உடம்பின் காவல் அணுக்கள் ஒரு முறை அதைப் பகையென்று பதிந்துகொண்டால் ஆயுளுக்கும் மறப்பதில்லை. பெரும்பாலும் காது குத்தும்போதுதான் இந்தப் பகை தொடங்குகிறதாம். ரத்தக் கெடுதல் இல்லை, பிறருக்கு ஒட்டுவதில்லை. இவளுக்கு உணவுப் பத்தியமும் தேவையில்லை என்றார். அன்று இரவு எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தட்டைப் பார்த்துச் சின்னவள் அழுதுவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னார், கல்யாணப் பெண்ணின் தாய்க்கு அதுதான் முக்கியம். இந்தத் தடிப்பு உடனே வருவதில்லை. அரை நாளிலிருந்து மூன்று நாள் வரை கழித்து வரும். நம் பக்கத்து வழக்கத்தை நினைத்துப் பார். முதல் நாள் மாலை வரவேற்புக்கு வாடகை செட் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்திலும் கூட்டத்திலும் நான்கு மணி நேரம் வியர்த்து நிற்கிறாள் பெண். ஒன்றும் தெரியாது. மறுநாள் முகூர்த்தத்திலோ மறுவீட்டு விருந்திலோ நெற்றியும் கழுத்தும் பொங்கி நிற்கும். எதனால் வந்தது என்று யாருக்கும் புரியாது. உன் கழுத்து மூன்றாம் நாள் ஏன் சிவந்தது என்பது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

இப்போது நீ கேட்டால் துள்ளிக் குதிக்கப்போகும் செய்திக்கு வருகிறேன். நகையில் நிக்கல் கசிகிறதா என்று வீட்டிலேயே பார்க்க இரண்டு சின்னப் பாட்டில்கள் விற்கிறார்கள். ஒன்றில் அம்மோனியா. மற்றதில் என்ன தெரியுமா? டைமெத்தில் கிளையாக்சைம்! தேவனாம்பட்டினத்தில் நம் கல்லூரி ஆய்வகம் நினைவிருக்கிறதா? ஜன்னல் வழியே கடற்காற்று வந்து பர்னர் சுடரை அலைக்கழிக்க, நிக்கல் கரைசலில் அதே கரைசலை ஊற்றி, அம்மோனியா சேர்த்து, ரோஜாச் சிவப்பாக வீழ்படிவு இறங்குவதைப் பார்த்து நின்றோமே! வடிகட்டி, உலர்த்தி, நான்காம் தசமம் வரை எடை போட்டோம். நீ காதில் வேப்பங்குச்சியோடு நின்றாய். உன் காதைப் புண்ணாக்கியது எதுவோ அது உன் கையிலிருந்த முகவையில் சிவப்பாக மிதந்தது. நமக்கு யாரும் சொல்லவில்லை. இதை நினைத்து இரண்டு இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பஞ்சுக் குச்சியில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டு, உலோகத்தில் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் வெளியேறுகிறது என்று பொருள். நகையும் கெடுவதில்லை. வீட்டிலிருந்ததையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்துத் தேய்த்தோம். நாட்டியச் செட் சிவந்தது. சேலைக்குக் குத்தும் ஊக்கு சிவந்தது. ரவிக்கைக் கொக்கி சிவந்தது. ஜெர்மன் சில்வர் கழுத்தணி ஒன்று பளிச்சென்று சிவந்தது. அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். பெயரை நம்பி எத்தனை பெண்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள்! அம்மாவின் பழைய கெம்பு அட்டிகையில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நிறம் வராவிட்டால் நிக்கல் அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, மிகக் குறைவாக இருந்தால் தப்பிவிடும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

கவரிங்கைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. சிதம்பரம் கவரிங் நம் மாவட்டத்துக் கைத்தொழில். அதை அணிந்துதான் எத்தனையோ ஏழைப் பெண்கள் மணமேடை ஏறியிருக்கிறார்கள். ஆனால் இப்போது எங்கிருந்தெல்லாமோ வரும் முலாம் நகைகளில், அடியிலுள்ள உலோகத்துக்கும் மேலே பூசிய தங்கத்துக்கும் நடுவே நிக்கல் பூச்சு ஒன்று இருப்பதுண்டு. தங்கம் தேயத் தேய அது தோலைத் தொடும். உள்பக்கம் நகப்பூச்சு தடவிக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள். அரை நாள் வியர்வையில் அது உரிந்துவிடும். கல்யாணத்தன்று நான் அதை நம்ப மாட்டேன்.

தங்கத்துக்கு வருகிறேன். புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில், "916 என்றால் அலர்ஜியே வராதுங்க" என்று சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் கட்டாயம். அதையும் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் மீதி 84 பங்கு என்ன என்பதை எந்த முத்திரையும் சொல்வதில்லை. மஞ்சள் நிற 22 காரட்டில் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான், சிலவற்றில் துத்தநாகமும் உண்டு. அதனால்தான் அது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. அஞ்ச வேண்டியது வெள்ளைத் தங்கம். மஞ்சளை வெளுக்கவைக்க நிக்கலையோ பல்லேடியத்தையோ கலப்பார்கள். மேலே ரோடியம் பூசியிருப்பார்கள். பூச்சு தேய்ந்தால் அடியிலிருப்பது வெளிவரும். மாப்பிள்ளை வீட்டில் வைர மோதிரத்தை வெள்ளைத் தங்கத்தில் எடுப்பதாக இருந்தார்கள். அதை மஞ்சள் தங்கத்திலேயே கட்டும்படி கேட்டோம்.

அந்தப் பேச்சுதான் கடினமாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் தம் மாமியாரிடமிருந்து வந்த நெற்றிச்சுட்டியை மருமகளுக்குச் சூட்ட ஆசைப்பட்டார். தங்கம்தான், மூன்று தலைமுறை நகை. இவள் உடம்பு நிலையை நான் சொன்னபோது, உடனிருந்த ஒரு பெரியம்மா, "தங்கம் சேராத பெண்ணா?" என்று கேட்டார். உன் பாட்டியின் குரலே கேட்டதுபோல் இருந்தது. மறைத்துவிட்டு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் சின்னவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "அத்தை, நீங்களே தேய்த்துப் பாருங்கள்" என்று அவர் கையில் பஞ்சைக் கொடுத்துவிட்டாள். சுட்டியின் பதக்கத்தில் தேய்த்தார், வெள்ளை. சங்கிலியில் தேய்த்தார், வெள்ளை. கூந்தலில் மாட்டும் கொக்கியில் தேய்த்ததும் சிவந்தது. எப்போதோ உடைந்ததற்குப் பதிலாக யாரோ வேறு கொக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொக்கியை மாற்றிவிடலாம்மா" என்றார். பெரியம்மா தம் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுத்தார், பார்க்கச் சொல்லி.

திருப்பாதிரிப்புலியூரில் நமக்குத் தெரிந்த பத்தரிடம் 22 காரட்டில் புதுக் கொக்கி வைத்தாயிற்று. தம் கையால் உருக்குவதில் செம்பும் வெள்ளியும் தவிர வேறு சேர்ப்பதில்லை என்று அவரே சொல்லி, தோட்டுக்கும் திருகாணிக்கும் சேர்த்துச் செய்து தந்தார். திருகாணியை மறந்துவிடாதே, தோடு தங்கமாக இருந்து பின்னால் போடும் திருகு வேறாக இருந்தால் எல்லாம் வீண்.

ஆகவே எண்ணிக்கை குறைவு. ஒரு சவரன் விற்கிற விலையில் உடம்பு முழுக்கத் தங்கம் பூட்ட என்னால் முடியாது. இடைவெளியைக் கவரிங்கால் நிரப்பவும் வழியில்லை. அம்மாவின் அட்டிகை, ஒரு ஆரம், தோடு, நான்கு வளையல், அந்தச் சுட்டி. வரவேற்புக்கு நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை ஒரு செட். வெள்ளியில் தங்கத் தகடு போர்த்திச் சிவப்புக் கல் பதித்தது. தேய்த்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். ஒட்டியாணம் துணியில், ஆரி வேலை செய்தது. நலங்குக்கு மல்லியும் சம்பங்கியும் கோத்த பூ நகை. ரவிக்கைக்குத் துணி சுற்றிய பித்தான், சேலை மடிப்புக்கு ஊக்கில்லாமல் நூல் தையல். மெட்டியும் கொலுசும் 925 வெள்ளி. தாலியை மஞ்சள் கயிற்றில் கட்டுவதால் அதில் கவலையே இல்லை. பிரித்துக் கோக்கும்போது சங்கிலி வேண்டாம், கயிறே இருக்கட்டும் என்கிறாள் சின்னவள். அது அவள் விருப்பம்.

உன் பேத்திக்குக் காது குத்தப்போவதாக எழுதியிருந்தாயே, அவசரப்படாதே. தங்கக் கம்பி மஞ்சள் நிறத்தில், ஆசாரி கையால் செய்ததாக இருக்கட்டும். விளையாட்டுக் கம்மல்களைத் துளை நன்றாக ஆறும்வரை பக்கத்தில் விடாதே. காது சிவந்தால் மருந்துக் கடையில் நீயாகக் களிம்பு வாங்கித் தடவாதே. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போனால் தோல் மெலிந்துபோகும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே நீ வந்துவிட வேண்டும். நாக்பூரிலிருந்து டிக்கெட் இப்போதே எடுத்துவிடு, பொங்கல் நெரிசல் தெரியுமல்லவா. காதில் ஒன்றும் போடாமல் முப்பது வருடம் கழித்துவிட்டாய். உன் அம்மாவின் வைரத்தோடு பெட்டியில்தானே இருக்கிறது? அதை எடுத்து வா, திருகாணியோடு. பாட்டிலில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. இந்த முறை நீயே சொட்டு விடு.

அன்புடன்,
உன் ஆய்வகத் தோழி